பார்த்ததாக ஒரு கையெழுத்து

ஜனவரி 9

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, முட்டி மட்டும் படியேறும்போது முனகுகிறது. உன் ஒற்றைத் தலைவலி எப்படி இருக்கிறது? கண்ணாடியை மாற்றச் சொன்னேனே, மாற்றினாயா? அண்ணியை வாரத்துக்கு ஒரு தடவையாவது எட்டிப் பார்த்துக்கொள்.

இருபத்தைந்து வருஷமாக லிஃப்ட் கயிற்றையும் கிரீஸையும் தொட்ட கை பேனாவைத் தொட்டிருக்கிறதே என்று மயக்கம் போட்டுவிடாதே. கம்பெனியில் சூப்பர்வைசர் வேலைக்குப் பரீட்சை வைக்கிறார்கள். எல்லாம் ஆங்கிலத்தில். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு இது தேவையா என்று நீ கேட்பாய், நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கோர்ட்டில் நாள் முழுக்க மொழிபெயர்க்கிறவள் வீட்டில் இருக்கும்போது நான் யாரிடம் போய் நிற்பது?

ஒரே ஒரு கேள்வி. கண்ணெதிரே சட்டத்துக்கு விரோதமாக ஒன்று நடக்கிறது. ஒருவன் அதைக் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறான். இதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்வழக்கு உண்டாமே. அதை எந்த இடத்தில் போடுவது, எந்த இடத்தில் போடக்கூடாது என்று உதாரணத்தோடு எழுது. தப்பாகப் போட்டால் மார்க் போய்விடும்.

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் குவார்ட்டர்ஸில் ஒரு அறைக்கு ஆறு கட்டில். எனக்கு அடுத்த கட்டில் சூப்பர்வைசருடையது. இடுப்பில் எந்நேரமும் சாவிகள் கலகலப்பதால் அவனுக்குச் சாவிக்கொத்து என்று பெயர். அவனுக்குக் காது இரண்டல்ல, நாலு. கடிதத்தையும் அங்கே அனுப்பாதே. நான் பார்க்கும் ஒரு கட்டடத்து வாட்ச்மேனின் முகவரியைக் கவரில் எழுதியிருக்கிறேன். தங்கமான மனுஷன், வாங்கி வைப்பார்.

மறக்காமல் சாப்பிடு. வெயிலில் அலையாதே.

உன் அண்ணன்

•

ஜனவரி 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் தலைவலி பாதி போய்விட்டது. மீதிக்குக் கண்ணாடி மாற்றிவிட்டேன். அண்ணி சுகம். நீ போனில் இரண்டு வார்த்தையோடு வைத்துவிடுகிறாய் என்று குறை. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளைகிறதே என்று நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

இப்போது பாடம். நீ கேட்டது ‘டர்ன் எ ப்ளைண்ட் ஐ’. இருக்கிற கண்ணை இல்லாத கண்ணாக ஆக்கிக்கொள்வது. பூனை கண்ணை மூடிக்கொள்கிற கதைதான், ஆனால் ஆங்கிலப் பூனை. இதைப் போட மூன்று விஷயம் வேண்டும். அவன் பார்த்திருக்க வேண்டும். அது தப்பு என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தடுப்பது அவன் பொறுப்பாக இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தச் சொல்லைப் போடாதே.

உதாரணம்: ‘கள்ளச் சரக்கு லாரிகள் தாண்டிப் போனபோது சோதனைச்சாவடி அதிகாரி டர்ன்ட் எ ப்ளைண்ட் ஐ.’ லாரி போனதே தெரியாமல் தூங்கிவிட்டான் என்றால் அது வேறு. அவனைத் தூங்குமூஞ்சி என்று சொல்லலாம், இதைச் சொல்லக்கூடாது.

கோர்ட்டில் இது தினசரி காதில் விழுகிற சொல் அண்ணா. ஒவ்வொருவனும் தன்னைத் தவிர மற்ற எல்லோரையும் பற்றி இதைச் சொல்கிறான். இந்தச் சொல்லைத் தன்மேலேயே போட்டுக்கொண்ட ஒரு வாக்குமூலத்தை இத்தனை வருஷத்தில் நான் மொழிபெயர்த்ததில்லை.

வேறு கேள்வி இருந்தால் எழுது. முட்டிக்கு எண்ணெய் போட்டுக்கொள். லிஃப்ட் மெக்கானிக் ஏன் படியேறுகிறாய் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

அன்புடன், தங்கை

•

ஜனவரி 30

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வாட்ச்மேன் சட்டைப்பைக்குள் வைத்திருந்து, நான் வந்ததும் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கொடுத்தார். “தங்கச்சி லெட்டரா சார்? கவரு கனமா இருக்கு, நிறைய திட்டியிருப்பாங்க” என்றார். அவருக்கும் ஒரு தங்கை உண்டாம்.

படியேறுவது உடம்புக்கு நல்லது என்று டாக்டர்கள் சொல்கிறார்களே, அதனால்தான்.

பாடத்தில் இன்னும் இரண்டு சந்தேகம். ஒருவன் முதல் தடவை பார்த்தான், மேலே உள்ளவனிடம் சொன்னான். மேலே உள்ளவன் “கண்டுக்காதே” என்றான். இவனும் விட்டுவிட்டான். இவனுக்கு அந்தச் சொல் பொருந்துமா, மேலே உள்ளவனுக்கு மட்டும்தானா? அடுத்தது, அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கமே போகவில்லை. போகாமலே, போய்ப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது என்று கையெழுத்து போட்டுவிட்டான். இதற்கும் அதே சொல்லா, வேறு ஏதாவது மெல்லியதாக இருக்கிறதா?

பரீட்சையில் இப்படியெல்லாம் சுற்றிவளைத்துக் கேட்பார்களாம்.

இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. பயப்படாதே, வயிறுதான். அண்ணியிடம் சொல்லாதே.

உன் அண்ணன்

•

பிப்ரவரி 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

வயிறு எப்படி இருக்கிறது? கஞ்சி மாதிரி இளக்கமாக ஏதாவது குடி. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. மனசுதான் சரியில்லை, காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதலில் பதில். முதல் ஆள் பார்த்தான், தப்பு என்று தெரியும், பொறுப்பும் அவனுடையது. மேலே உள்ளவன் சொன்னான் என்பதால் கண் திரும்பவும் முளைத்துவிடாது. இரண்டு பேருக்கும் அந்தச் சொல் பொருந்தும்.

இரண்டாவதற்குப் பொருந்தாது. போகவே இல்லை என்றால் எதைக் கண்டும் காணாமல் விட்டான்? பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதியவனுக்கு ஆங்கிலத்தில் மெல்லிய சொல்வழக்கு ஒன்றும் இல்லை அண்ணா. கோர்ட்டில் அதற்குப் பச்சையாகப் பொய்க் கையெழுத்து என்றுதான் பெயர்.

இப்போது நான் கேட்கிறேன். இது என்ன பரீட்சை? என்றைக்கு? எத்தனை மார்க்? எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொல்கிற பிள்ளை மாதிரி, நீ கேட்காத ஒன்றை உன் கேள்விகள் சொல்லிக்கொண்டிருக்கின்றன. பரீட்சைக்காரன் ‘மெல்லிய சொல்’ கேட்க மாட்டான். பயந்தவன்தான் கேட்பான். கோர்ட்டில் தினமும் அப்படிப்பட்டவர்கள் முகத்தைப் பார்க்கிறவள் நான்.

ஒன்றும் இல்லையென்றால் ஒன்றும் இல்லை என்று ஒரு வரி எழுது, நம்புகிறேன். உடனே எழுது.

அன்புடன், தங்கை

•

மார்ச் 2

தங்கைக்கு,

நான் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

உன் கடிதம் நேற்றுதான் கைக்கு வந்தது. வாட்ச்மேனைப் பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி போலீஸ் கூட்டிக்கொண்டு போனது, இன்னும் விடவில்லை. கடிதம் அவர் அறை மேசையிலேயே கிடந்திருக்கிறது. அவர் மனைவி தேடி வந்து கொடுத்தார். “அவரு பத்திரமா குடுக்கச் சொன்னாரு” என்றார். அந்த அம்மா முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இனிமேல் தபாலாபீஸ் முகவரிக்கு எழுது, நானே கவுண்டரில் வாங்கிக்கொள்கிறேன்.

அந்தக் கட்டடத்தில் ஜனவரி ஆறாம் தேதி ஒரு சின்ன விபத்து. பதினோரு மாடி, ஜோடி லிஃப்ட். அதில் ஒன்று இரண்டாவது மாடியிலிருந்து கீழே போய்விட்டது. உள்ளே இருந்தது வீடு வீடாகத் துணி வாங்கித் தேய்த்துக் கொடுக்கும் ஒரு அம்மா. இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். விசாரணை நடக்கிறது. மெக்கானிக் என்ற முறையில் நானும் ஒரு வாக்குமூலம் கொடுக்க வேண்டுமாம். ஏப்ரல் கடைசிக்குள். சாவிக்கொத்தே எழுதிக் கொண்டுவந்துவிட்டான், நான் கையெழுத்து போட்டால் போதும். தமிழில் சொன்னால் இதுதான்:

‘கயிறுகளை மாதாமாதம் சோதித்தேன். நல்ல நிலையில் இருந்தன. அளவுக்கு மீறி ஆட்களும் சுமையும் ஏற்றப்பட்டதை வாட்ச்மேன் டர்ன்ட் எ ப்ளைண்ட் ஐ.’

அந்தச் சொல்லை அவன் சரியாகப் போட்டிருக்கிறானா என்று மட்டும் சொல். வேறு ஒன்றும் கேட்காதே.

இதோடு ஒரு ஒட்டிய கவர் வைத்திருக்கிறேன். என் பழைய சான்றிதழ். பிரிக்க வேண்டாம், பத்திரமாக வை. இங்கே பெட்டியை எல்லாம் கிளறுகிறார்கள்.

அண்ணன்

•

மார்ச் 10

அண்ணா,

நலம் விசாரிக்க எனக்குக் கை வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

கவரைப் பிரித்துவிட்டேன். சான்றிதழ் இல்லை. லிஃப்ட் மெஷின் ரூமில் தொங்கவேண்டிய பராமரிப்பு அட்டை. ஓரத்தில் உன் கைவிரல் கிரீஸ்கூட இருக்கிறது. ‘கயிறு: நன்று. பிரேக்: நன்று.’ மாதம் ஒரு வரி, வரிக்கு ஒரு கையெழுத்து, எல்லாம் உன்னுடையது.

லிஃப்ட் விழுந்தது ஜனவரி ஆறு என்கிறாய். அட்டையில் ஜனவரி இருபதாம் தேதி நீ போய்ப் பார்த்திருக்கிறாய். விழுந்து நொறுங்கிக் கிடக்கும் லிஃப்டில் கயிறு நன்று, பிரேக் நன்று. பிப்ரவரி இருபதும் நன்று. அதற்குக் கீழே மார்ச் இருபது, அதுவும் நன்று. நான் காலண்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மார்ச் இருபது இன்னும் வரவே இல்லை அண்ணா.

கோர்ட்டில் சம்பளம் வாங்குகிறவள் கையில், வழக்கில் தேடப்படும் அட்டையைக் கொடுத்து வைத்திருக்கிறாய். அதைப் பெரிய அகராதிக்குள் வைத்திருக்கிறேன். அந்த அகராதி இல்லாமல் எனக்கு வேலை இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் அதைத் திறக்கும்போது உன் கையெழுத்து எட்டிப் பார்க்கிறது. நேற்றிலிருந்து கோர்ட்டிலும் நான் லிஃப்டில் ஏறவில்லை. நாலு மாடி, கை நிறைய ஃபைலோடு படியேறுகிறேன். நீ ஏன் ஏறுகிறாய் என்று புரிந்துவிட்டது.

நீ கேட்டதற்குப் பதில். சாவிக்கொத்து அந்தச் சொல்லைப் போட்ட விதத்தில் கோளாறு எதுவும் கண்ணில் படவில்லை. பார்த்தவன், தெரிந்தவன், பொறுப்புள்ளவன், மூன்றும் அதில் வருகிறது. சொல்வழக்கு சரி. ஆள் தப்பு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதை ஆங்கிலத்தில் எழுதி, கீழே உன்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறான். என் கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக் காப்பாற்றிய மனுஷன் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்.

என்ன நடந்தது என்று எழுது. எதையும் மெல்லியதாகச் சொல்ல வேண்டாம்.

தங்கை

•

மார்ச் 15

அன்புத் தங்கைக்கு,

உனக்குத் தலைவலி வந்திருக்கும். என்னால்தான். மன்னித்துக்கொள்.

எழுதிவிடுகிறேன். ஒரு ஆளுக்கு ஐம்பத்தெட்டு லிஃப்ட். மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொன்றின் மெஷின் ரூமுக்கும் ஏறி, கயிற்றைக் கையுறையால் தடவிப் பார்த்து, பிரேக்கைத் துடைத்துவிட்டு அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். ஓடி ஓடிப் பார்த்தாலும் முப்பதுக்கு மேல் முடியாது. அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முதல் வாரத்தில், சாவிக்கொத்து எல்லா அட்டையையும் கட்டாகக் கொண்டுவந்து டீ குடிக்கும் அறை மேசையில் போடுவான். வரப்போகும் மூன்று மாதத்துக்கும் ஒரே உட்காரலில் கையெழுத்து. அதற்கென்று மூன்று பேனா வைத்திருக்கிறான், நீலம், கறுப்பு, கொஞ்சம் வெளிறிய நீலம். மூன்று வேறு நாள் மாதிரி தெரியவேண்டுமாம். நாங்கள் டீ குடித்துக்கொண்டே, சிரித்துக்கொண்டே போட்டோம். “இன்னிக்கு மார்ச்சு வரைக்கும் வேலை முடிஞ்சுது, வீட்டுக்குப் போலாமா?” என்று ஜோக் அடித்தவன் நான்தான். அது ஜனவரி இரண்டு.

ஆனால் போன அக்டோபரில் அந்தக் கட்டடத்துக்கு நிஜமாகவே போனேன். கயிற்றைத் தடவியபோது கையுறை மாட்டிக்கொண்டு கிழிந்தது. இரும்புக் கயிற்றின் புரியில் கம்பிகள் அறுந்து, மீசை மாதிரி வெளியே நின்றன. இரண்டு லிஃப்டிலும் அப்படித்தான், ஒரே நாளில் மாட்டிய கயிறுகள். உடனே கீழே இறங்கி வந்து சொன்னேன். “கண்டுக்காதய்யா. அடுத்த வருஷ லிஸ்ட்ல போட்டுருவோம். இப்போ நிறுத்தினா பதினோரு மாடியும் நம்ம உயிர வாங்கிரும்” என்றான். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அங்கே மேலே ஏறவே எனக்குப் பிடிக்கவில்லை. ஏறினால் பார்க்க வேண்டும். பார்த்தால் திரும்பவும் சொல்ல வேண்டும். அதனால் ஏறவில்லை.

விழுந்த அன்று நான் பக்கத்துத் தெருவில் இருந்தேன். வாட்ச்மேன் ஓடி வந்து கூப்பிட்டார். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். உள்ளே அந்த அம்மா அழுகிற சத்தம் கேட்டது. “யாராச்சும் இருக்கீங்களா, யாராச்சும் இருக்கீங்களா” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் கீழே ஓடவில்லை. மேலே ஓடினேன். பதினோரு மாடிப் படியும் ஏறி மெஷின் ரூமுக்குப் போய், அட்டையைக் கொக்கியிலிருந்து எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். பிறகுதான் இறங்கினேன். அதற்குள் வாட்ச்மேன் தனி ஆளாகக் கதவை நெம்பித் திறந்து, அந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, “சார் வந்துட்டாரும்மா, இனிமே பயமில்ல” என்றார்.

அவரைத்தான் நான் காட்டிக்கொடுக்க வேண்டுமாம்.

எனக்கு ஜெயிலுக்குப் போகப் பயமாக இருக்கிறது. இத்தனை வயதுக்குப் பிறகு அண்ணி முன்னால் எந்த முகத்தோடு நிற்பேன்? சாவிக்கொத்து தினமும் காலையில் ஷூ மாட்டும்போது, “கையெழுத்து என்னாச்சு?” என்று சிரித்துக்கொண்டே கேட்கிறான். சாவிச் சத்தம் கேட்டாலே குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று. ஜோடியில் விழாத மற்ற லிஃப்ட் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதன் அட்டை அங்கேயே தொங்குகிறது, மார்ச் இருபது வரைக்கும் நன்று என்று.

அண்ணன்

•

மார்ச் 18, விரைவுத் தபால்

அண்ணா,

முதலில் லிஃப்டை நிறுத்து.

வாக்குமூலம், வக்கீல், வெட்கம், அண்ணி எல்லாம் அப்புறம். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் எழுந்து போய் நிறுத்து. ஒருவரையும் கேட்காதே. நீ தயங்கித் தயங்கிக் காகிதத்தில் எழுதி, நான் பயந்து பயந்து படித்து, இதற்குள் எத்தனை பேர் அதில் ஏறி இறங்கியிருப்பார்கள்?

உன்னைத் திட்ட எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. அட்டை என்னிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைத் தேடுகிறார்கள் என்றும் தெரியும். எங்கே கொடுக்க வேண்டும் என்று என்னைவிடத் தெரிந்தவர் யார்? ஆனாலும் தினமும் அகராதியை மூடிவிட்டுத் தூங்கப் போகிறேன். உனக்காக நான் இப்படியே இருந்துவிடுவேனோ என்று என்மேலேயே எனக்குப் பயம்.

போ அண்ணா.

தங்கை

•

ஏப்ரல் 2

அண்ணா,

பதினைந்து நாளாகிறது. ஒரு வரி இல்லை. போன் அடித்தால் அணைத்து வைத்திருப்பதாகச் சொல்கிறது. குவார்ட்டர்ஸுக்கு அடித்தேன், ஒரு ஆள் எடுத்து, “அவரு இங்க இல்லம்மா, காலி பண்ணிட்டாரு” என்று வைத்துவிட்டான். பின்னால் சாவிச் சத்தம் கேட்டதோ, நானாக நினைத்துக்கொண்டேனோ.

சாப்பிடுகிறாயா, எங்கே படுக்கிறாய், உடம்பு எப்படி இருக்கிறது? இதுவரை கடிதத்துக்குக் கடிதம் இதைக் கேட்டது வழக்கத்துக்கு. இன்றைக்கு நிஜமாகவே கேட்கிறேன்.

அண்ணி நேற்று வந்து உட்கார்ந்தார். “உங்க அண்ணன் எதையோ மறைக்கிறாரு. நீயும் மறைக்கிற” என்றார். “ஒண்ணுமில்ல அண்ணி” என்று சொல்லிக் காபி போட உள்ளே போய்விட்டேன். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது அண்ணா. மூன்று பேனாகூடத் தேவையில்லை.

பன்னிரண்டாம் தேதி வரைக்கும் பார்ப்பேன். அதற்குள் உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை என்றால் அட்டையை நானே விசாரணை அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவேன். நீ அதற்குப் பிறகு என்னைத் தங்கை என்று சொல்லாமல் போனாலும் அனுப்புவேன்.

தங்கை

•

ஏப்ரல் 7

அன்புத் தங்கைக்கு,

உயிரோடு இருக்கிறேன். தபாலாபீஸ் பக்கம் ஒரு லாட்ஜில், கையகல அறை. இரண்டு வேளை சாப்பிடுகிறேன். கவுண்டரில் சாவிக்கொத்தின் ஆள் ஒருவன் தினமும் வந்து நின்றதால் இத்தனை நாளும் அங்கே போகப் பயந்தேன். இன்றுதான் உன் இரண்டாம் தேதிக் கடிதத்தை வாங்கினேன்.

விரைவுத் தபால் கைக்கு வந்தது மார்ச் இருபதாம் தேதி காலையில். பிரித்துப் படித்ததும் எழுந்து போனேன். கவனித்தாயா? அட்டையில் நான் போய்ப் பார்த்ததாக எழுதிய அதே தேதி. என் கையெழுத்து சொன்ன நாளில், சொன்ன இடத்துக்கு நான் போனது அந்த மூன்று மாதத்தில் அதுதான் முதல் தடவை.

மெஷின் ரூமுக்கு ஏறி, லிஃப்ட் கீழே காலியாக நிற்கும் நேரம் பார்த்து மெயின் சுவிட்சை இறக்கி, ஃபியூஸைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். கையுறை போட்டுக் கயிற்றைத் தடவினேன். அக்டோபரில் மீசையாக இருந்தது இப்போது தாடியாக இருந்தது. ஒரு கயிற்றில் ஒரு புரி முழுசாகவே விட்டுப்போயிருந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பத்து நிமிஷத்தில் மாடிக்கு மாடி கத்தல். ஒருவர் மேலேயே வந்து, “யாரைக் கேட்டு நிறுத்துன? ஒம்பதாவது மாடிக்கு என் அம்மாவ நீ தூக்கிட்டுப் போவியா?” என்று சட்டையைப் பிடித்தார். “தூக்கிட்டுப் போறேன் சார்” என்றேன். நிஜமாகவே போனேன். அந்த அம்மாள் கனமே இல்லை. ஐந்தாவது மாடியில் நின்று மூச்சு வாங்கும்போது, “ஏம்ப்பா, லிஃப்டு கெட்டுப்போச்சா?” என்று கேட்டார். “கெட்டுப்போய் ரொம்ப நாளாச்சும்மா” என்றேன்.

சாவிக்கொத்து வந்தான். சத்தமே கேட்கவில்லை, சாவிகளைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி வந்திருக்கிறான். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவனுக்கும் பயம். “ஃபியூஸக் குடு. உன் வேலைய நான் பாத்துக்கறேன். குடுக்கலன்னா உனக்கு நாளைக்கு வேலையும் இல்ல, கட்டிலும் இல்ல” என்றான். நான் கொடுக்கவில்லை. வீரம் எல்லாம் இல்லை. எழுந்து நின்றால் விழுந்துவிடுவேன் என்பதால் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். பிறகு நானே போன் செய்து, அரசாங்க லிஃப்ட் ஆய்வாளர் வந்து சீல் வைக்கும் வரைக்கும் அங்கிருந்து நகரவில்லை.

வாட்ச்மேன் வீட்டுக்குப் போய் அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்.

நேற்று முன்தினம் விசாரணை அலுவலகத்துக்குப் போனேன். மூன்று தடவை வாசல் வரை போய்த் திரும்பி, நாலாவது தடவை உள்ளே போனேன். வாயால் சொன்னது போதாதாம். ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், அட்டையும் வேண்டும். இரண்டும் வந்தால்தான் வாட்ச்மேனை விடுவார்களாம். இருபத்திரண்டாம் தேதி விசாரணை.

நானே எழுதினேன். பார்த்துத் திருத்து. என் ஆங்கிலக் கையெழுத்து உனக்குப் புரியாது, அதனால் இங்கே தமிழ் எழுத்தில்:

‘இன் அக்டோபர் ஐ ஸா தி ரோப். ஐ டர்ன்ட் எ ப்ளைண்ட் ஐ. ஆஃப்டர் தட் ஐ டிட் நாட் லுக். ஐ சைன்ட். தி வாட்ச்மேன் டிட் நத்திங் ராங்.’

கீழே ஓடாமல் மேலே ஓடினதையும் எழுதியிருக்கிறேன். அந்த இடத்துக்கு எந்தச் சொல்வழக்கும் கிடைக்கவில்லை, நடந்ததை அப்படியே எழுதிவிட்டேன். மற்ற இடத்தில் உன் சொல்லைச் சரியாகப் போட்டிருக்கிறேனா?

அண்ணியிடம் நீ சொல். எனக்குத் தைரியம் இல்லை.

அண்ணன்

•

ஏப்ரல் 13

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைக் கோர்ட் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். ஃபைல்கள் எல்லாம் சரிந்து விழுந்துவிட்டன.

உன் வாக்குமூலத்தைத் திருத்தவில்லை. சிவப்பு மையைத் திறந்து வைத்துக்கொண்டு நாலு தடவை படித்தேன். பார்த்த மாதத்துக்கு அந்தச் சொல், பார்க்காத மாதங்களுக்கு வெறும் கையெழுத்து. சொல்வழக்கு சரி. ஆளும் சரி. அப்படியே கொடு.

அட்டையை இன்று காலை பதிவுத் தபாலில் விசாரணை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். அதோடு நானும் ஒரு வாக்குமூலம் வைத்தேன். மார்ச் பத்தாம் தேதி அட்டையைப் பார்த்தேன், அது என்னவென்று தெரிந்தது, ஒப்படைப்பது என் கடமை, முப்பத்துநாலு நாள் ஒப்படைக்கவில்லை. அதற்கு உரிய ஆங்கிலச் சொல்லையும் எழுதியிருக்கிறேன். மூன்று விஷயமும் பொருந்துகிறதா என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தபடியே சரிபார்த்தேன், பொருந்துகிறது. என் மேலதிகாரியிடமும் ஒரு நகல் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். வேலை என்ன ஆகும் என்று தெரியவில்லை. கவரில் அனுப்புநர் என்ற இடத்தில் என் முழு முகவரியை எழுதும்போது பயத்தில் ஒரு எழுத்தை விட்டுவிட்டு இடையில் செருகினேன்.

அண்ணியிடம் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். “அந்தத் துணி தேய்க்கற அம்மாவுக்கு இப்போ நடக்க முடியுதா?” என்று கேட்டார். நீயும் நானும் இத்தனை கடிதம் எழுதினோம் அண்ணா, இதை நாம் ஒருவரை ஒருவர் கேட்கவே இல்லை. விசாரித்து எழுது.

உனக்கு என்ன தண்டனை கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். தினமும் மொழிபெயர்க்கிறவள்தானே. இங்கே எழுத மாட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. அண்ணிக்கும் பயம்தான், பெட்டியில் துணியை வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறார்.

முட்டி எப்படி இருக்கிறது? ஒன்பது மாடி தூக்கிப் போனாயே, வீங்கியிருக்கும். எண்ணெய் கொண்டு வருகிறேன். இருபத்திரண்டாம் தேதி நானும் அண்ணியும் உன் பக்கத்தில் இருப்போம். விசாரணை எந்த மாடியில் என்று மட்டும் எழுது. படியேறி வந்துவிடுகிறோம்.

உன் தங்கை